முடவன் முழுக்கு

மாயவரத்தில் யாரிடமாவது விஸ்வநாதன் ஆனந்தைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். செஸ் இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவது "நம்ம ஊரு". 1969 டிசம்பர் 11ஆம் தேதி அவர் இங்கே பிறந்தார், அவ்வளவுதான் எங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு. வளர்ந்தது சென்னையில், நடுவில் கொஞ்ச காலம் மணிலாவில். ஆனால் "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா" என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு வளர்ந்த ஊர் இது. ஒரு பிறப்புச் சான்றிதழ் போதும், மிச்சத்தை நாங்களே இட்டு நிரப்பிக்கொள்வோம்.

1987இல் பிலிப்பைன்ஸின் பாகியோ நகரத்தில் அவர் உலக ஜூனியர் பட்டம் வென்றபோது எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயரில் தலைமையாசிரியை செய்தியைப் படித்துவிட்டு, "அவர் பிறந்த மண்ணில்தான் நீங்களும் பிறந்திருக்கிறீர்கள்" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் பிறந்தது கும்பகோணத்து ஆஸ்பத்திரி ஒன்றில். அதை அன்று யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணனிடம் ஒரு செஸ் அட்டை இருந்தது. கறுப்பு யானைகளில் ஒன்று தொலைந்துபோய், அந்த இடத்தில் அம்மாவின் தையல் மிஷின் பாபின் நின்றுகொண்டிருக்கும். அதில்தான் கற்றுக்கொண்டேன். அண்ணனுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. எனக்கு அலுக்கவில்லை. ஆடுவதற்கு ஆள் இல்லாதபோது நானே இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆடுவேன், பாபின் இருக்கும் பக்கம் எப்போதும் தோற்கும்.

ஆனந்துக்கு ஆறு வயதில் செஸ் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அம்மா சுசீலா. மணிலாவில் இருந்தபோது நடந்தது ஒன்று உண்டு, அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அங்கே மதிய நேரத்தில் தொலைக்காட்சியில் செஸ் நிகழ்ச்சி வரும், முடிவில் ஒரு புதிர் கொடுப்பார்கள். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா அந்த ஆட்டங்களையும் புதிரையும் எழுதி வைத்திருப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்துத் தபாலில் அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். வாராவாரம் இவனே வென்றதால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். எல்லோரும் இந்தக் கதையில் பையனின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அந்த மதியம்தான் கண்ணில் நிற்கிறது. சமையலறை வேலையை விட்டுவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு தமிழ்ப் பெண்.

என் ஆட்டம் பத்தாம் வகுப்போடு நின்றது. தஞ்சாவூரில் நடந்த மாவட்டப் போட்டியில் பெண்கள் பிரிவில் இரண்டாவதாக வந்தேன். அடுத்தது கோயம்புத்தூருக்குப் போக வேண்டும், நான்கு நாள். "பொம்பளப் புள்ளைய நாலு நாளு யாரோட அனுப்புறது?" என்றார் அப்பா. அதற்கு யாரிடமும் பதில் இல்லை. அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் குறை சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்கு முந்தைய வருடம் அண்ணன் கிரிக்கெட் ஆட ஒரு வாரம் சேலத்துக்குப் போய்விட்டு வந்திருந்தான்.

அதற்கப்புறம் நான் ரசிகை மட்டும்தான். நூலகத்தில் ஒரு நாள் பழைய ஆங்கிலப் பேப்பரைக் கேட்டு வாங்கி, அதில் வரும் நகர்த்தல்களை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து வீட்டில் ஆடிப் பார்ப்பேன். என் ரசிப்பு எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனந்த் வென்ற ஆட்டங்களை மட்டும்தான் எழுதிக்கொள்வேன். தோற்றால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.

அந்தப் பத்து வருடங்களில் மடித்து வைத்த பேப்பர்கள் அதிகம். 1994இல் சங்கி நகரில் கட்டா காம்ஸ்கியோடு எட்டு ஆட்டப் போட்டி. நம் நாட்டிலேயே நடந்தது, ஆனந்த் நன்றாக முன்னிலையில் இருந்தார். கடைசி ஆட்டங்களில் அது கரைந்து நாலுக்கு நாலு என்று சமனாகி, வேக ஆட்டங்களில் 0-2 என்று தோற்றார். ஜெயித்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்த போட்டி. நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அம்மா இன்றும் சொல்வாள். அது பொய், ஒரு வேளைதான். அடுத்த வருடம் லாஸ் பால்மாஸில் அதே காம்ஸ்கியை 6½-4½ என்று வென்றுதான் உலகச் சாம்பியன் காஸ்பரோவை எதிர்க்கும் உரிமையைப் பெற்றார். இந்த இரண்டாவது செய்தியை நான் கொண்டாடினேன். இரண்டுக்கும் நடுவில் இருந்த ஏழெட்டு மாதங்களில் அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

1995 செப்டம்பரில் நியூயார்க்கில், உலக வர்த்தக மையத்தின் 107ஆவது மாடியில், காஸ்பரோவோடு ஆடினார். முதல் எட்டு ஆட்டமும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழிகளுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். பத்தாவதில் காஸ்பரோவ் வீட்டிலேயே தயார் செய்து கொண்டுவந்த ஒரு தியாகத் தாக்குதலில் ஆனந்த் சிக்கினார். அதையும் சேர்த்து ஐந்து ஆட்டங்களில் நான்கு போய்விட்டன. 10½-7½. மிட்டாய் தின்றவர்கள் அப்புறம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார்கள்.

1998 தொடக்கத்தில், சுவிட்சர்லாந்தின் லோசானில், உலகச் செஸ் கூட்டமைப்பின் சாம்பியன் கார்ப்போவோடு பட்டத்துக்கான ஆட்டம். கார்ப்போவ் ஓய்வெடுத்துக்கொண்டு காத்திருந்தார். ஆனந்தோ நெதர்லாந்தின் குரோனிங்கனில் மூன்று வார நாக் அவுட் போட்டியை ஆடி முடித்த கையோடு, மூன்று நாள் கூடச் சரியாக இல்லாமல், நேரே போய் உட்கார்ந்தார். அந்த நிலையிலும் ஆறு ஆட்டங்களை 3-3 என்று சமன் செய்தார். வேக ஆட்டங்களில் மறுபடி 0-2. அநியாயம் என்று நான் கத்தினேன். பெரிய மேடை வந்தால் இவருக்குக் கை நடுங்குகிறது என்று உலகம் சொன்னது. கொஞ்ச நாளில் நானும் அதையே சொல்ல ஆரம்பித்தேன்.

2000 டிசம்பர் 24 அன்று டெஹ்ரானில் ஷிரோவை 3½-½ என்று வென்று ஆனந்த் உலகச் சாம்பியன் ஆனார். நான் கல்யாணமாகி அம்பத்தூருக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ராத்திரி சாப்பாடு போடும்போது "ஆனந்த் ஜெயிச்சுட்டாருங்க" என்றேன். "எந்த ஆனந்த்?" என்றார் என் கணவர். நல்ல மனிதர்தான்.

பல்கேரியத் தலைநகர் சோபியாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் பையனுக்குத் தூங்கப்போகும் கதையாக இருந்தது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து ஐரோப்பாவில் விமானங்கள் நின்றுவிட்டன. பிராங்க்பர்ட்டில் மாட்டிக்கொண்ட ஆனந்த், மனைவி அருணாவோடும் உதவியாளர்களோடும் ஒரு வேனில் நாற்பது மணி நேரம் சாலையிலேயே போய் பல்கேரியா சேர்ந்தார். மூன்று நாள் அவகாசம் கேட்டார், ஒரு நாள்தான் கொடுத்தார்கள். முதல் ஆட்டத்தில் தோற்றார். கடைசி, பன்னிரண்டாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு, உள்ளூர்க்காரரான டோபலோவை வென்று பட்டத்தைத் தக்க வைத்துக்கொண்டார். பையனுக்கு எரிமலை மட்டும்தான் பிடிக்கும். செஸ் வரும்போது தூங்கிவிடுவான்.

இப்போது 2013 நவம்பர்.

உலகச் சாம்பியன் போட்டி சென்னைக்கே வந்தது. ஹயாத் ரீஜென்சி ஹோட்டலில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஆனந்தும் மாக்னஸ் கார்ல்சனும். ஆனந்துக்கு நாற்பத்து மூன்று, கார்ல்சனுக்கு இருபத்து மூன்று முடியவில்லை. அம்பத்தூரிலிருந்து தேனாம்பேட்டை அப்படியொன்றும் தூரமில்லை. ஆனாலும் நான் போகவில்லை. அது அட்வான்ஸ் டாக்ஸ் கணக்குக்கு முந்தைய மாதம், விடுப்பு கேட்டால் கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் தோற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. ஆட்டம் மதியம் மூன்று மணிக்குத் தொடங்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரில், கணக்கு எழுதும் டேலிக்குப் பின்னால் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

முதல் நாலும் டிரா. ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்கள் நவம்பர் 15, 16 தேதிகளில் அடுத்தடுத்து வந்தன. கார்ல்சன் பெரிதாக எதுவும் செய்யவில்லை. வெறுமனே ஆடிக்கொண்டே இருந்தார், மணிக்கணக்காக. டிரா என்று எல்லோரும் கைகொடுத்துவிட்டுப் போகும் நிலைகளில் அவர் எழுந்திருக்க மறுத்தார். இரண்டிலும் ஆனந்த் களைத்துப்போய்த் தவறினார், இரண்டும் போயின. நிருபர்கள் சந்திப்பில், முடிந்தவரை முயல்வேன் என்று ஆனந்த் சொன்னதற்கு, அப்படியென்றால் என்ன என்று ஒருவர் விளக்கம் கேட்க, எப்போதும் பொறுமையாகப் பேசும் மனிதர் எரிந்து விழுந்தார். அது எனக்கு என்னமோ செய்தது. இத்தனை வருடமாக அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்த சனிக்கிழமை ராத்திரி அம்மா போன் செய்தாள். ஐப்பசி முழுக்க மாயவரத்தில் காவிரியில் துலா ஸ்நானம். கடைசி நாள் கடைமுழுக்கு, துலாக்கட்டத்தில் எள் போட இடமிருக்காது. கார்த்திகை பிறந்ததும் முதல் நாள் இன்னொரு முழுக்கு உண்டு. நடக்க முடியாத ஒருவர் ஐப்பசி முழுக்குக்கு என்று கிளம்பி, வழியெல்லாம் தவழ்ந்து வந்து சேர்வதற்குள் மாதம் முடிந்துவிட்டதாம். அவர் அழுததைப் பார்த்து மாயூரநாதர் கார்த்திகை முதல் நாளையும் சேர்த்துக்கொண்டாராம். அந்த நாளுக்கு முடவன் முழுக்கு என்று பேர். அந்தச் சொல்லை இன்று யாரையும் பார்த்துச் சொல்லக் கூடாது, ஆனால் முழுக்கின் பெயர் அதுதான், ஊரில் வேறு பெயர் கிடையாது.

அம்மா முழுக்குக் கதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டாள். "ஆனந்து தோத்துட்டானாமேடி?"

"ஊர்ல என்ன பேசிக்கிறாங்க?"

"அவரு மெட்ராஸ்காரருதானே, நம்ம ஊருல பொறந்ததோட சரிங்கிறாங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான் மட்டுமில்லை, ஊரே அப்படித்தான் இருந்திருக்கிறது.

ஒன்பதாவது ஆட்டம் 21ஆம் தேதி. ஆனந்துக்கு வெள்ளைக் காய். இனி டிரா செய்து பயனில்லை என்பதால், எல்லாவற்றையும் கார்ல்சனின் ராஜா மேல் ஏவினார். மறுபக்கத்தில் கார்ல்சனின் சிப்பாய் ஒன்று கீழே இறங்கிக்கொண்டே வந்தது. யார் முந்துவது என்கிற பந்தயம். கார்ல்சனின் சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டு ராணியாகி செக் சொன்னது. அதைத் தடுக்க ஆனந்த் ஒரு காயைக் குறுக்கே வைக்க வேண்டும். மந்திரியை வைத்திருந்தால் ஆட்டம் நீண்டிருக்கும். குதிரையை எடுத்து வைத்தார். கார்ல்சன் புது ராணியை மூன்று கட்டம் நகர்த்தினார், அவ்வளவுதான், ஆனந்த் கைகொடுத்துவிட்டார். இருபத்தெட்டு நகர்த்தல். என் சின்ன ஜன்னலில் கம்ப்யூட்டரின் கணிப்புக் கோடு பாதாளத்துக்கு இறங்கியது. பக்கத்து மேஜைக்காரர் "என்ன மேடம், டேலி ஆகலையா?" என்றார்.

மறுநாள் பத்தாவது ஆட்டம் டிராவில் முடிந்தது. 6½-3½. பன்னிரண்டு ஆட்டம் என்று தொடங்கியது பத்திலேயே முடிந்துவிட்டது, அதுவும் சொந்த ஊரில்.

அவர் ஓய்வு பெற வேண்டும் என்று எழுதாத ஆளில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். மரியாதையோடு போய்விடட்டும், இனி அவரைப் பார்த்து நான் சங்கடப்பட வேண்டாம். அதில் இருந்த சுயநலம் அப்போது தெரியவில்லை.

அடுத்த மார்ச்சில் சைபீரியாவில் காந்தி மான்சிஸ்க் என்கிற ஊரில் கேண்டிடேட்ஸ் போட்டி. கார்ல்சனை அடுத்து எதிர்க்கப்போவது யார் என்பதை முடிவு செய்ய எட்டுப் பேர், பதினான்கு சுற்று. ஆடலாமா வேண்டாமா என்று ஆனந்தே தயங்கியிருக்கிறார். போய் ஆடு என்று தூண்டியவர்களில் ஒருவர், 2008இல் பான் நகரில் அவரிடமே தோற்ற கிராம்னிக். முதல் சுற்றில் அரோனியனை வென்றார். அப்புறம் ஒரு ஆட்டம் கூடத் தோற்கவில்லை. 8½ புள்ளி எடுத்து, ஒரு சுற்று மீதம் இருக்கும்போதே முதலிடத்தை உறுதி செய்துவிட்டார்.

இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் கொண்டாடவில்லை. கொஞ்சம் வெட்கமாக இருந்தது. 94க்கும் 95க்கும் நடுவில், 98க்கும் 2000க்கும் நடுவில், சென்னைக்கும் சைபீரியாவுக்கும் நடுவில் என்று என் பழைய நோட்டில் இல்லாத இடைவெளிகளையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். அங்கேதான் அவர் எதையோ செய்திருக்கிறார். நான் பார்க்காத இடத்தில்.

என் பையனை அப்போது ஒரு செஸ் வகுப்பில் சேர்த்திருந்தேன். பத்து வயது. ஆறு மாதத்தில், கிரிக்கெட்தான் வேண்டும் என்று நின்றுவிட்டான். வருடக் கட்டணம் கட்டியாகிவிட்டது, திருப்பித் தர மாட்டார்கள். "நீங்களே போய் மிச்ச கிளாஸை முடிச்சுட்டு வாங்க" என்றார் என் கணவர், கிண்டலாக. நான் போனேன்.

2014 மே மாதம், முப்பத்தெட்டு வயதில், என் முதல் ரேட்டிங் போட்டி. ரேட்டிங் என்பது ஆட்டத் திறமைக்கு உலகச் செஸ் கூட்டமைப்பு கொடுக்கும் எண். புறநகரில் ஒரு பொறியியல் கல்லூரியின் கலையரங்கம். வாசலில் சுவரில் யாருக்கு எதிராக யார் என்கிற பட்டியலை ஒட்டியிருந்தார்கள், அதன் முன் நூறு தலைகள், பாதிக்கு மேல் என் இடுப்பளவு. பெற்றோர்கள் வெளியே மர நிழலில் துண்டு விரித்து, புளியோதரை டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே போகும்போது ஒரு நடுவர் தடுத்து, "பேரண்ட்ஸ் வெளியில இருக்கணும் மேடம்" என்றார். நான் ஆட வந்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கே குரல் எழும்பவில்லை.

முதல் சுற்றில் எதிரே ஒரு எட்டு வயதுப் பெண். மேஜை எட்டாததால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கைகொடுத்தாள், கடிகாரத்தை அழுத்தினாள், அப்புறம் நான் யோசிக்கும் நேரத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு, மற்றவர்கள் ஆட்டத்தையெல்லாம் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தாள். பத்தொன்பது நகர்த்தலில் நான் காலி. கையெழுத்துப் போடும்போது "ஆன்ட்டி, நீங்க யாரோட அம்மா?" என்று கேட்டாள்.

அந்தப் போட்டியில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி, அதுவும் எதிராளி வராததால். சர்வதேச ரேட்டிங் விதிப்படி, ரேட்டிங் இல்லாதவர் ஒருவர் முதல் போட்டியில் ஆடி ஒரு அரைப் புள்ளி கூட எடுக்காவிட்டால் அந்தப் போட்டி கணக்கிலேயே வராது. மூன்று நாள் உட்கார்ந்து வாங்கிய அடி எங்கேயும் பதிவாகவில்லை.

அந்த நவம்பரில் சோச்சியில் ஆனந்தும் கார்ல்சனும் மறுபடி மோதினார்கள். ஆறாவது ஆட்டத்தில், இருபத்தாறாவது நகர்த்தலில், கார்ல்சன் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆனந்த் குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டமே திரும்பியிருக்கும். உலகமே கணினியில் அதைப் பார்த்துவிட்டது. ஆனந்த் பார்க்கவில்லை, தான் ஏற்கெனவே மனதில் வைத்திருந்த சிப்பாயைச் சட்டென்று தள்ளிவிட்டார். தள்ளிய மறுகணம் பார்த்துவிட்டார். ஆட்டம் போனது, போட்டியும் 6½-4½ என்று போனது.

இந்த முறை நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். தோற்ற ஆட்டம் ஒன்றை முதல்முறையாக முழுக்க ஆடிப் பார்த்தேன், மூன்று ராத்திரி. என் ஆட்டங்களில் நான் செய்யும் தப்பு அப்படியே அங்கே இருந்தது. எதிராளி தவறமாட்டார் என்று நம்பி, நான் ஏற்கெனவே யோசித்ததையே ஆடிவிடுவது. எட்டு வயதுக் குழந்தைகளிடம் இது இன்னும் மோசம், அவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள் என்று நான் முன்கூட்டியே முடிவு கட்டிவிடுவேன். அப்போதிலிருந்து ஒரு பழக்கம், நகர்த்தலை எழுதும் பேனாவைக் கீழே வைக்காமல் எந்தக் காயையும் தொடுவதில்லை. பேனாவை வைக்க ஆகும் இரண்டு விநாடியில் சில சமயம் கண் திறக்கும்.

அடுத்த நான்கு வருடமும் வருடத்துக்கு மூன்று போட்டி, விடுமுறையைப் பார்த்து. திருவள்ளூர், காஞ்சிபுரம், ஒரு தடவை தனியாகக் கோயம்புத்தூர், நான்கு நாள். அந்த ஊருக்குப் பஸ் ஏறியபோது அப்பா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் கூட வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன், கடைசி வருடங்களில் மிகவும் மாறியிருந்தார்.

தோற்ற பிறகு எதிராளியோடு உட்கார்ந்து ஆட்டத்தைத் திரும்ப ஆடிப் பார்க்கும் வழக்கம் செஸ்ஸில் உண்டு. குழந்தைகள் இதில் மிகவும் தாராளம். "ஆன்ட்டி, இங்க யானைய எடுத்திருந்தீங்கன்னா நான் காலி" என்று சந்தோஷமாகக் காட்டிக்கொடுப்பார்கள். முதலில் அவமானமாக இருந்தது. பிறகு அதற்காகவே போக ஆரம்பித்தேன். முதல் அரைப் புள்ளி 2015இல், ஒரு ரிட்டயர்டு ரயில்வேகாரரிடமிருந்து வந்தது. இருவரும் களைத்துப்போய் டிரா சொல்லிக்கொண்டோம். அவர் வெளியே வந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

2017 டிசம்பரில் லண்டனில் நடந்த போட்டியில் ஆனந்த் கடைசி இடங்களில் முடித்தார். மறுபடி அதே பேச்சு, போதும், வயதாகிவிட்டது. அதே மாதக் கடைசியில் ரியாத்தில் உலக ரேபிட் போட்டி, அதாவது வேக ஆட்டப் போட்டி. பதினைந்து சுற்று, ஒன்றிலும் தோற்கவில்லை, ஒன்பதாவது சுற்றில் கார்ல்சனை வீழ்த்தினார். டை பிரேக்கில் தன் வயதில் பாதி கூட இல்லாத பெதோசீவை 2-0 என்று வென்று பட்டம் எடுத்தார். நாற்பத்தெட்டு வயது. வேக ஆட்டத்தில்! 94இலும் 98இலும் எந்த வேக ஆட்டங்களில் தோற்றாரோ அதே வகையில். பையன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான், "அம்மா, உங்க ஆளு ஜெயிச்சுட்டாரு" என்று அவனே வந்து சொன்னான். கணவர் எந்த ஆனந்த் என்று கேட்கவில்லை.

எனக்கு ரேட்டிங் வந்தது 2018 ஜூனில், நாற்பத்திரண்டு வயதில். 1134. செஸ் தெரிந்தவர்கள் இந்த எண்ணைப் பார்த்துச் சிரிக்கலாம், நல்ல ஆட்டக்காரர்களுக்கு இது முதல் வகுப்புப் பிள்ளை வாங்கும் எண். நான் அந்தப் பக்கத்தை அச்செடுத்து பீரோவுக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். அதற்கப்புறம் ஆறு வருடம் ஏறி இறங்கி 1150 வரைக்கும் வந்தேன். 2024 மார்ச் முதல் தேதி உலகச் செஸ் கூட்டமைப்பு, இரண்டாயிரத்துக்குக் கீழே இருந்த எல்லோருடைய ரேட்டிங்கையும் ஒரு சூத்திரம் போட்டு உயர்த்தியது. இரண்டாயிரத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதில் நாற்பது சதவீதத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். ஒரே ராத்திரியில், ஒரு காயைக் கூடத் தொடாமல், 340 புள்ளி ஏறி 1490 ஆகிவிட்டேன். பத்து வருடத்தில் நான் சம்பாதித்ததைவிட இது எவ்வளவோ அதிகம். எல்லோருக்கும் ஏறியதால் யாருக்கும் ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த டிசம்பரில் குகேஷ், பதினெட்டு வயதில், சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று உலகச் சாம்பியன் ஆனார். அதற்கு முந்தைய வருடமே, ரேட்டிங்கில் இந்தியாவின் முதல் இடத்தில் முப்பத்தேழு வருடமாக இருந்த ஆனந்தை அவர் தாண்டியிருந்தார். வென்ற பிறகு குகேஷ் சொன்னார், 2013இல் சென்னையில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து அந்தக் கண்ணாடித் தடுப்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஏழு வயது. ஆனந்த் பட்டத்தை இழந்த போட்டி அது. நான் பயந்துகொண்டு டேலிக்குப் பின்னால் ஒளிந்திருந்த அதே நாட்களில், அந்தக் குழந்தை நேரே போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறது.

போன கார்த்திகை முதல் தேதிக்கு மாயவரம் போயிருந்தேன். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, படியில் தனியாக இறங்க முடியாது. முந்தின நாள் கடைமுழுக்குக்கு அண்ணன் அழைத்துப்போகப் பார்த்து, கூட்டத்தைக் கண்டு பாதியிலேயே திரும்பி வந்துவிட்டார்களாம். விடியற்காலையில் நான் கையைப் பிடித்துத் துலாக்கட்டத்தில் இறக்கினேன். மழைத் தண்ணீர், கொஞ்சம் கலங்கல். முந்தின நாள் மிதித்த பூவும் வாழை இலையும் படியோரம் ஒதுங்கிக் கிடந்தன. கரையில் ஆள் இருந்தது, ஆனால் முட்டி மோதவில்லை. அம்மா மூன்று தடவை முங்கி எழுந்தாள்.

தலையைத் துவட்டிக்கொண்டே, "கடைசிப் போட்டியில எத்தினி?" என்று கேட்டாள்.

"ஒம்பதுக்கு மூணரை."

"முன்னாடி?"

"ரெண்டரை."

அம்மா புடவையைப் பிழிந்தாள். "நேத்திக்கு வந்திருந்தா இடிச்சுத் தள்ளியிருப்பாங்க. இன்னிக்குத்தான் நிம்மதியா முங்க முடிஞ்சுது" என்றாள்.